தூதரக வாசலில் கோஷம் போட்டால் ஜெனரலுக்குக் கேட்குமா?

லண்டனிலோ டோக்கியோவிலோ மியான்மர் தூதரகத்துக்கு எதிரே சிலர் கூடி, சிவப்புத் துணியை நெற்றியில் கட்டி, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல்களை உயர்த்திக் கோஷம் போடும் படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆகஸ்ட் 8 வந்தால் இது நடக்கும். 2021-க்குப் பிறகு பிப்ரவரி 1 அன்றும் நடக்கிறது. பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. எங்கோ தலைநகர் நேப்பிடோவில் உட்கார்ந்திருக்கும் ஜெனரல்களுக்கு இதெல்லாம் உறைக்குமா?

உறைக்காது. யாங்கோன் (பழைய ரங்கூன்) தெருக்களில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டபோதே அசராமல் சுட்டவர்கள் அவர்கள். அப்படியானால் வெளிநாட்டுப் போராட்டமே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். தூதரக வாசலில் நடப்பது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும்தான். உண்மையான வேலை கம்பெனிகளின் பங்குதாரர் கூட்டங்களிலும், நீதிமன்றங்களிலும், ஒஸ்லோவிலும் டெல்லியிலும் இயங்கிய சிறு செய்தி அறைகளிலும், தாய்லாந்து எல்லையோர ஊர்களிலும் நடந்திருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கியது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பர்மா, மியான்மர் இரண்டும் ஒரே நாடுதான். 1989-இல் ராணுவ அரசு பெயரை மாற்றியது. அந்த அரசை ஏற்காத பலர் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையில் இரண்டும் கலந்து வரும். 1948-இல் விடுதலை பெற்ற அந்த நாட்டில், 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1988 ஆகஸ்ட் 8 அன்று மாணவர்கள் முன்னின்ற எழுச்சி நாடு முழுக்கப் பரவியது. ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று அதை அடக்கியது. 1990 தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392-ஐ வென்றும் ஆட்சி கைக்கு வரவில்லை. 2007-இல் புத்தத் துறவிகள் தெருவில் இறங்கினார்கள், அவர்களும் அடக்கப்பட்டார்கள். 2011 முதல் பத்தாண்டுகள் ஜனநாயகத்தின் கதவு ஓரளவு திறந்தது. 2020 நவம்பர் தேர்தலிலும் அதே கட்சி வென்றது. 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் ராணுவத் தளபதி ஜெனரல் மின் ஆங் ஹ்லைங் ஆட்சியைக் கவிழ்த்து அந்தக் கதவை மறுபடி அடைத்தார்.

ஒவ்வொரு அடக்குமுறைக்குப் பிறகும் ஒரு கூட்டம் எல்லை தாண்டியது. வெளிநாட்டுப் போராட்டத்தின் ஆட்கள் இப்படித்தான் சேர்ந்தார்கள். 1988-க்குப் பின் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தாய்லாந்து எல்லைக் காடுகளுக்குப் போனார்கள். அங்கே கரேன் போன்ற இனக்குழுக்கள் பல பத்தாண்டுகளாகவே அரசோடு ஆயுதப் போரில் இருந்தன. வென்றும் பதவியேற்க முடியாத எம்.பி.க்கள் சிலர் 1990 டிசம்பரில் கரேன்களின் தலைமையிடமான மானர்ப்ளாவில் ஒரு நாடுகடந்த அரசை அமைத்தார்கள். சூ கியின் உறவினரான செய்ன் வின் அதன் பிரதமர். காட்டில் மலேரியா தாங்காமல் சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் துப்பாக்கியோடு அங்கேயே தங்கினார்கள். மற்றவர்கள் பாங்காக், டெல்லி, நார்வே, அமெரிக்கா என்று சிதறினார்கள்.

இதில் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. நே வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கிய 1960-களில் வெளியேறிய லட்சக்கணக்கான இந்தியர்களில் தமிழர்கள் பெரும்பகுதி. சென்னையின் பர்மா பஜாரும், மணிப்பூர் எல்லையில் மோரே ஊரில் இன்றும் வாழும் தமிழர்களும் அந்த வெளியேற்றத்தின் மிச்சம். அரசுக் கணக்கில் அவர்கள் அகதிகள் அல்ல, ‘தாயகம் திரும்பியோர்’. பர்மிய அகதிகளைப் பற்றிப் பேசும்போது அவர்கள் நினைவுக்கு வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் வரும் வழியை அடைப்பது

1988-இல் பர்மிய அரசின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறக்குறைய வற்றியிருந்தது. ராணுவம் வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே வந்த கம்பெனிகள் பெரும்பாலும் அரசு நிறுவனத்தோடோ, ராணுவத்துக்கு வேண்டியவர்களோடோதான் கூட்டு வைத்தன. அதாவது, ஜெனரல்களுக்கு உலகத்தின் நல்லெண்ணம் தேவைப்படவில்லை, உலகத்தின் டாலர் தேவைப்பட்டது. வெளியே இருந்தவர்கள் பிடித்த நுனி இதுதான்.

1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸார்னி என்ற பர்மிய மாணவர் ‘ஃப்ரீ பர்மா கோயலிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக அதே பல்கலைக்கழகங்களில் நடந்த புறக்கணிப்பு இயக்கம்தான் முன்மாதிரி. அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த மின்னஞ்சல், அவர்களுக்கு அலுவலகம், தபால்காரர் இரண்டுமாக இருந்தது. முதல் பெரிய இலக்கு பெப்சி. அதற்கு பர்மாவில் ஒரு பாட்டிலிங் கூட்டு நிறுவனம் இருந்தது. ஏன் பெப்சி? பர்மா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத மாணவர்கூட, கேண்டீனில் எந்தக் குளிர்பானம் வேண்டாம் என்று சொல்ல முடியும். 1996-இல் ஹார்வர்டில் மாணவர் எதிர்ப்பால் பெப்சிக்குப் போகவிருந்த சுமார் 10 லட்சம் டாலர் ஒப்பந்தம் கைநழுவியது. அதே ஆண்டு பெப்சி தன் பங்கை விற்றது. 1997-இன் தொடக்கத்தில் மிச்சமிருந்த தொடர்பையும் முறித்துக்கொள்வதாக அறிவித்தது. ஹைனகென், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனிகளும் 1996-இல் பின்வாங்கின.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெப்சிக்கு பர்மா வியாபாரம் மிகச் சிறியது, அமெரிக்க வளாகங்களில் கெட்ட பெயர் மிகப் பெரியது. புறக்கணிப்பு பலித்தது இந்த இடைவெளியால்தான். லாபம் பெரிதாகவும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாதவராகவும் இருந்தால் கதை வேறு. எரிவாயுவில் அதுதான் நடந்தது.

அந்தமான் கடலிலிருந்து தாய்லாந்துக்கு எரிவாயு கொண்டுபோகும் யடானா குழாய்த் திட்டத்தில் பிரான்ஸின் டோட்டலும் அமெரிக்காவின் யூனோகாலும் பங்காளிகள். குழாய் போகும் தனிந்தாரி பகுதியில் பாதுகாப்புக்கு நின்றது பர்மிய ராணுவம். கிராமத்து மக்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள், ஊரைவிட்டு விரட்டினார்கள், பாலியல் வன்முறையும் கொலையும் நடந்தன என்பவை குற்றச்சாட்டுகள். 1988 எழுச்சியில் இருந்த கா சா வா என்ற கரேன் இளைஞர் காட்டுப் பாதைகளில் நடந்து கிராமத்தவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்தார். அவரும் இரண்டு அமெரிக்கச் சட்ட மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய எர்த்ரைட்ஸ் அமைப்பு, வேறு வழக்கறிஞர்களோடு கைகோத்து 1996-இல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட வைத்தது. அவர்கள் எடுத்த ஆயுதம் 1789-ஆம் ஆண்டின் ஒரு தூசி படிந்த சட்டம். வெளிநாட்டவர் அமெரிக்க நீதிமன்றத்தில் சர்வதேசச் சட்ட மீறலுக்கு இழப்பீடு கேட்க அது இடம் கொடுத்தது. வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2004 டிசம்பரில் யூனோகால் சமரசத்துக்கு வந்து, கிராமத்தவர்களுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. பர்மாவுக்குள் ஒரு காவல் நிலையத்தில்கூடப் புகார் கொடுக்க முடியாதவர்கள் ஓர் எண்ணெய்க் கம்பெனியை மேசைக்கு இழுத்து வந்தார்கள். இந்த இயக்கத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்பது என் கருத்து.

தோல்வியும் உண்டு. பர்மாவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகள் அரசு டெண்டரில் கலந்தால் அவர்கள் விலையில் 10 சதவீதம் கூட்டிக் கணக்கிடுவோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1996-இல் சட்டம் போட்டது. ஆப்பிள் போன்ற கம்பெனிகள் அதற்குப் பயந்தே பர்மாவை விட்டன. ஆனால் வெளியுறவு விவகாரம் மத்திய அரசின் வேலை, மாநிலத்தின் வேலை அல்ல என்று 2000-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

அப்புறம் கசப்பான பகுதி. 2003-இல் அமெரிக்கா பர்மியப் பொருட்களின் இறக்குமதிக்குத் தடை போட்டபோது, முதலில் அடிவாங்கியவர்கள் ஜெனரல்கள் அல்ல. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பல்லாயிரம் பெண்கள் வேலையிழந்தார்கள். எரிவாயு டாலர் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. பொருளாதாரத் தடையைப் பற்றி வெளிநாட்டு பர்மியர்களுக்குள் வெடித்த சண்டை ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. புறக்கணிப்பைத் தொடங்கி வைத்த ஸார்னியே 2000-களின் நடுவில் தடைகளுக்கு எதிராகத் திரும்பினார், பழைய தோழர்களின் வசவையும் வாங்கிக்கொண்டார். ‘தடை போடு’ என்ற முழக்கத்தைக் கேட்கும்போது, யாருடைய பையிலிருந்து போகும் பணம் அது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. ராணுவத்தின் எரிவாயுக் கணக்கும் தையல் மெஷின் முன்னால் இருக்கும் பெண்ணின் சம்பளமும் ஒன்றல்ல.

செய்தி வெளியே வருவது

1992-இல் ஒஸ்லோவிலிருந்து பர்மிய மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது ‘டெமாக்ரடிக் வாய்ஸ் ஆஃப் பர்மா’ வானொலி. பின்னர் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வந்தது. 2007-இல் துறவிகள் ஊர்வலம் போனபோது, அதன் செய்தியாளர்கள் கைக்கேமராவைப் பையில் மறைத்துப் படம் பிடித்து வெளியே அனுப்பினார்கள். செப்டம்பர் 27 அன்று ஜப்பானியப் பத்திரிகையாளர் கென்ஜி நகாய் யாங்கோன் தெருவில் சுடப்பட்டு இறந்தார். தவறிப் பட்ட குண்டு என்று அரசு சொன்னது. சிப்பாய் மிக அருகிலிருந்து சுட்டதைக் காட்டிய வீடியோ வெளியே வந்து அந்தப் பேச்சைக் கெடுத்தது. 1988-இல் கொலைகளுக்குச் சாட்சியாகக் கிடைத்த படங்கள் சொற்பம். பத்தொன்பது ஆண்டில் நடந்த பெரிய மாற்றம் இது.

டெல்லியின் கதை கொஞ்சம் சினிமாத்தனம். 1990 நவம்பரில் சோ மின்ட் என்ற மாணவரும் அவருடைய நண்பரும் போலி வெடிகுண்டைக் காட்டி, பாங்காக்கிலிருந்து யாங்கோன் போன விமானத்தைக் கல்கத்தாவுக்குத் திருப்பினார்கள். யாருக்கும் காயமில்லை. அவர்கள் கேட்டது, பர்மாவைப் பற்றிப் பேச ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. சோ மின்ட் பின்னர் டெல்லியில் தங்கி 1998-இல் ‘மிஸ்ஸிமா’ செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். கடத்தல் வழக்கில் 2003-இல் விடுதலையானார். அதே காலத்தில் பர்மிய மாணவர்கள் பலருக்கு டெல்லியில் தங்க இடம் கொடுத்தது ஜார்ஜ் ஃபெர்னாண்டஸின் அரசு பங்களா. அவர் பாதுகாப்பு அமைச்சர் ஆன பிறகும் அவர்கள் அங்கே இருந்தார்கள். வெளியே இந்திய அரசு அதே ராணுவ ஆட்சியோடு உறவைச் சீராக்கிக்கொண்டிருந்தது! விமானக் கடத்தலை நான் நியாயப்படுத்த மாட்டேன். கேமராக்காரர்களை வரவழைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பது அன்றைய இருட்டின் அளவைச் சொல்கிறது.

வெளிநாட்டினர் நேரடியாகப் போய் முயன்றதும் உண்டு. 1998 ஆகஸ்டில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளைச் சேர்ந்த 18 பேர் யாங்கோனில் துண்டறிக்கை கொடுத்துக் கைதானார்கள். ஐந்தாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது, உடனே நாடுகடத்தப்பட்டார்கள். பர்மியர் ஒருவர் அதே தாளைக் கொடுத்திருந்தால் அந்த ஐந்தாண்டையும் உள்ளேதான் கழித்திருப்பார்.

சோறு, மருந்து, எல்லை

அகதிகளுக்கு உதவுவது வேறு வேலை, அரசை எதிர்ப்பது வேறு வேலை என்று நாம் பிரித்துப் பார்ப்போம். பர்மா எல்லையில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

1984-இல் கரேன் கிராமங்கள் மீதான தாக்குதலுக்குத் தப்பி வந்தவர்களுக்காகத் தாய்லாந்தில் முகாம்கள் தொடங்கின. தற்காலிகம் என்றுதான் ஆரம்பித்தது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் ஒன்பது முகாம்கள் இருக்கின்றன. தாக் மாகாணத்து மே லா அவற்றில் பெரியது. மூங்கிலும் இலைக்கூரையுமான வீடுகள். அனுமதியின்றி வெளியே போகக் கூடாது, 2025 வரை வேலையும் பார்க்கக் கூடாது. தாய்லாந்து 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. மலேசியா, வங்காளதேசம், இந்தியாவும் அப்படியே. ஆகவே பர்மாவிலிருந்து தப்பி ஓடுபவருக்கு இந்த நாடுகளில் ‘அகதி’ என்ற சட்டப்படியான தகுதி கிடைப்பதில்லை. பெருந்தன்மை இருந்தால் தங்கலாம், இல்லையென்றால் சட்டவிரோதக் குடியேறி. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்ற பாதி தானாகப் புரியும்.

முகாம்களில் அரிசியும் உப்பும் மீன் விழுதும் கொடுத்தது, 1984-இல் பாங்காக்கில் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு. இன்று அது ‘த பார்டர் கன்சார்ட்டியம்’. அதன் முறை அன்று அபூர்வமானது. விநியோகத்தையும் நிர்வாகத்தையும் அகதிகளின் சொந்தக் குழுக்களிடமே விட்டார்கள். பக்கத்தில் மே சாட் ஊரில் டாக்டர் சிந்தியா மாங் 1989-இல் மே தாவ் கிளினிக்கைத் தொடங்கினார். 1988 அடக்குமுறைக்குப் பின் எல்லை தாண்டி வந்த கரேன் மருத்துவர் அவர். ஆரம்பத்தில் கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்தது அரிசிக் குக்கரில். மலேரியாவோடு வந்த மாணவர்களுக்காக ஆரம்பித்த இடம், பின்னர் பிரசவம், கண்ணிவெடியில் போன காலுக்குச் செயற்கைக் கால் என்று வளர்ந்தது. 2002-இல் மகசேசே விருது கிடைத்தது. அதே ஊரில் முன்னாள் கைதிகள் 2000-இல் தொடங்கிய அரசியல் கைதிகள் உதவிச் சங்கம்தான் 2021-க்குப் பிறகு நாள்தோறும் கொல்லப்பட்டவர், கைதானவர் பட்டியலை வெளியிடுகிறது. உலகப் பத்திரிகைகள் எடுத்துப் போடும் எண்ணிக்கை பெரும்பாலும் அங்கிருந்து வருவது.

2005 முதல் முகாம்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மூன்றாம் நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள், பெரும்பாலும் அமெரிக்காவில். இண்டியானா மாநிலத்தில் இன்று பெரிய பர்மியச் சமூகம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஊர்வலம் போகவும் நிதி திரட்டவும் ஆட்கள் இப்படித்தான் பெருகினார்கள்.

இந்தியப் பக்கத்தில் மிசோரம் தனிக் கதை. 2021 மார்ச்சில், மியான்மரிலிருந்து வருபவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி மத்திய உள்துறை அமைச்சகம் கடிதம் அனுப்பியது. எல்லைக்கு அப்பால் வாழும் சின் இன மக்கள் எங்கள் ரத்த உறவு, கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்ற பொருளில் முதல்வர் ஸோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார். தேவாலயங்களும் இளைஞர் சங்கமும் வீடுவீடாக அரிசி சேர்த்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாங்கின.

2021-க்குப் பிறகு என்ன மாறியது

வெளியேற்றப்பட்ட எம்.பி.க்கள் ஏப்ரல் 16 அன்று தேசிய ஒற்றுமை அரசு என்ற ஒன்றை அறிவித்தார்கள். 1990-இன் நாடுகடந்த அரசுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு பணம். வெளிநாட்டு பர்மியர்களிடம் வட்டியில்லாக் கடன்பத்திரம் விற்றார்கள். மின் ஆங் ஹ்லைங்கின் யாங்கோன் மாளிகையைக்கூடப் பங்குபோட்டு விற்றார்கள். புரட்சி வென்ற பிறகு சொத்து கைக்கு வரும் என்பது நிபந்தனை! வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர், மருத்துவர் குடும்பங்களுக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வெளிநாட்டுப் பணம் போகிறது. ஆயுதத்துக்கும் போகிறது. இதை மறைத்துப் பேசினால் 2021-க்குப் பிந்தைய இயக்கத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது. ராணுவமும் பதிலுக்கு இறங்கியது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் சம்பளத்தில் 25 சதவீதத்தை அதிகாரபூர்வ வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2023-இல் உத்தரவு போட்டது. பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போகும் தொழிலாளி அங்கே வரி ரசீது காட்ட வேண்டியிருக்கிறது. எதிரே நின்று கோஷம் போட்டவரும் ஒருநாள் அதே ஜன்னலுக்கு வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஊரில் குடும்பம் இருக்கிறது என்பதையும்.

ஐ.நா.வில் இன்னொரு விசித்திரம். தூதர் கியாவ் மோ துன் 2021 பிப்ரவரி 26 அன்று பொதுச் சபையில் ராணுவத்தைக் கண்டித்து மூன்று விரல் உயர்த்தினார். மறுநாள் ராணுவம் பதவி நீக்கியது. ஐ.நா. முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டதால் அவர் நாற்காலியில் நீடித்தார். எரிவாயு விஷயத்தில், டோட்டலும் யூனோகாலை வாங்கியிருந்த செவ்ரானும் 2022 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தன. கால் நூற்றாண்டுப் பிரச்சாரத்தின் பலன் என்று கொண்டாடினார்கள். யடானாவை நடத்தும் பொறுப்பு தாய்லாந்துக் கம்பெனியிடம் போனது, எரிவாயு நிற்கவில்லை.

முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யாக்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1982 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட அவர்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அப்போது ஜனநாயகப் போராளிகள் பலர், வெளிநாட்டில் இருந்தவர்கள் உட்பட, வாய் திறக்கவில்லை. 2019 டிசம்பரில் இனப்படுகொலை வழக்கில் ராணுவத்தின் பக்கம் வாதாட சூ கி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனபோது, அவருக்கு ஆதரவாகக் கூட்டம் கூடியது. 2021-இல் அதே துப்பாக்கி தங்கள் பக்கம் திரும்பியதும் பலர் சமூக ஊடகங்களில் ரோஹிங்யாக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் தேசிய ஒற்றுமை அரசு 1982 சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. காலம் கடந்து வந்த ஞானம்தான். இதற்கிடையில் லண்டனிலிருந்து இயங்கும் ரோஹிங்யா அமைப்பு ஒன்று யாருக்கும் காத்திராமல் 2019-இலேயே அர்ஜென்டினா நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தது. அந்த வழக்கில் 2025 பிப்ரவரியில் பிடியாணை பிறந்தது. பட்டியலில் மின் ஆங் ஹ்லைங் மட்டுமல்ல, சூ கியின் பெயரும் இருந்தது.

2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது தாய்லாந்து முகாம்களில் அந்தப் பணத்தில் ஓடிய மருத்துவ நிலையங்கள் சில நாட்களில் மூடப்பட்டன. உணவு உதவியும் சுருங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில், முகாம்களில் நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கும் அகதிகள் வெளியே சட்டப்படி வேலை பார்க்கலாம் என்று தாய்லாந்து அமைச்சரவை முடிவு செய்தது. எல்லையோர அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டுவந்த கோரிக்கை அது, தர்மப் பணம் வற்றிய பிறகுதான் கிடைத்தது. 2021-க்குப் பிறகு வந்து மே சாட் பக்கம் முகாமுக்கு வெளியே, காகிதம் இல்லாமல் வாழ்பவர்களுக்கு அந்த அனுமதி பொருந்தாது. அவர்களையும் பட்டியலில் சேர்க்க வைப்பது எப்படி என்பதுதான் அங்கே இருப்பவர்களின் இப்போதைய வேலை.